இருபத்தைந்துக்கு ஒரு கட்டு

மே மாதத்தில் வாஷிங் மெஷின் கெட்டுப்போனால் மனுஷிக்குக் கோபம் வரத்தான் செய்யும். எனக்கும் வந்தது. ஆனால் பாளையங்கோட்டை வெயிலில் கோபப்படவும் கொஞ்சம் தெம்பு வேண்டும், அது என்னிடம் இல்லை. வருஷம் முழுக்கப் பிள்ளைகளோடு கத்திவிட்டு, விடுமுறைக்கென்று உட்கார்ந்தால் விடைத்தாள் கட்டு வருகிறது, அது போனால் துணி மூட்டை வருகிறது. மெஷினின் பின்பக்கத்தில் நாலு திருகாணியைக் கழற்றி, உள்ளே இருந்த போர்டை உருவி, மஞ்சள் பையில் போட்டுக்கொண்டு மேலப்பாளையத்துக்குப் பஸ் ஏறினேன்.

போர்டு என்றால் மெஷினுக்கு எப்போது தண்ணீர் விடுவது, எப்போது சுற்றுவது என்று முடிவெடுக்கிற பச்சைப் பலகை. அதைச் சரி செய்ய எங்கள் பக்கத்தில் நான் நம்புகிற ஆள் முஹ்சின் ஒருவன்தான். சவுதியில், தம்மாமில் எட்டு வருஷம் ஏ.சி. வேலை பார்த்துவிட்டு ஊருக்கே வந்துவிட்டவன். வீட்டின் முன்னறைதான் அவன் பட்டறை. அவன் மகள் எங்கள் பள்ளிக்கூடத்தில் படிக்கிறாள் என்பதால் எனக்கு அந்த வீட்டில் அடுப்படி வரைக்கும் போக அனுமதி உண்டு.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் அந்த முன்னறையைப் பார்த்தவர்கள் அவனிடம் ஒரு பொருளையும் நம்பிக் கொடுத்திருக்க மாட்டார்கள். பெயிண்ட் வாளிகள் ஏழு, ஹார்லிக்ஸ் பாட்டில்கள், தம்மாமிலிருந்து வந்த பிஸ்கட் தகரங்கள், எல்லாவற்றிலும் எல்லாமும் கிடக்கும். பழைய போர்டுகளிலிருந்து பிடுங்கியதும், வண்ணார்பேட்டையில் புதிதாக வாங்கியதும் ஒன்றாகக் கலந்து கிடக்கும். அரிசி அளவு ரெசிஸ்டர் ஒன்றுக்காக வாளியைத் தரையில் கவிழ்த்துவிட்டு, முட்டி போட்டு அரை நாள் துழாவுவான். கிடைக்காது. கடைக்குப் போய்ப் புதிதாக வாங்கி வருவான். மறுநாள் வேறொன்றைத் தேடும்போது, முந்தின நாள் தேடியது கையில் வந்து நிற்கும். "சாமான் இருக்கு டீச்சர், எங்கன இருக்குன்னுதான் தெரியல" என்று என்னிடமே பல தடவை சொல்லியிருக்கிறான்.

அந்த அறையை மனுஷர் உட்காரும் இடமாக்கியது அவனுடைய அக்கா ஜனாபா. நான் சொல்ல வந்ததே அவளைப் பற்றித்தான்.

ஜனாபாவுக்கு இப்போது ஐம்பத்தொரு வயது. கல்யாணமாகி மூன்றாம் வருஷம் புருஷன் காய்ச்சலில் போய்விட்டார். பிள்ளை இல்லை. பிறந்த வீட்டுக்குத் திரும்பி வந்தவள், வாப்பாவும் உம்மாவும் மவுத்தான பிறகும் அங்கேயே தம்பியோடு இருந்துவிட்டாள். பதின்மூன்று வயதில் மடியில் சொளகை, அந்த ஓலை முறத்தை, வைத்துப் பீடி சுற்ற உட்கார்ந்தவள். ஒரு நாளைக்கு ஆயிரம். இருபத்தைந்துக்கு ஒரு கட்டு, நாற்பது கட்டு. கட்டில் ஒன்று குறைந்தாலும் பீடிக்கடையில் கட்டு பார்க்கிறவர் அதை ஓரமாகத் தள்ளிவிடுவார். காரணம் கேட்கவும் மாட்டார், சொன்னால் காதில் வாங்கவும் மாட்டார். முப்பத்தைந்து வருஷத்துக்கு மேல் அவள் இப்படியே இருந்தாள். பெருநாளன்று மட்டும்தான் சொளகு சுவரில் சாய்ந்திருக்கும்.

பிறகு இருமல் வந்தது. சாதாரண இருமல் என்று கஷாயம் குடித்தாள், நெஞ்சில் தைலம் தேய்த்தாள், ஒரு குளிர்காலம் முழுக்க உட்கார்ந்தே தூங்கினாள். பாளையங்கோட்டை டாக்டர் எக்ஸ்ரே படத்தைப் பார்த்துவிட்டு, நெஞ்சு முழுக்கப் புகையிலைத் தூசி, இனி தூளைத் தொட்டால் தன்னிடம் வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார். முஹ்சின் அன்றைக்கே அவளிடமிருந்து சொளகை வாங்கி உள்ளே வைத்தான்.

அந்த வீட்டில் யாரும் அவளை ஒரு வார்த்தை சொன்னதில்லை. முஹ்சினின் மனைவி அஸ்ஃபியா வாய்க்கு வாய் மதினி, மதினி என்பாள், கறிக்குழம்பில் நல்ல துண்டாகப் பார்த்து அவளுக்குத்தான் வைப்பாள். சும்மா உட்கார்ந்து சோறு தின்கிறவள் என்று ஜனாபாவைச் சொன்னது ஜனாபா ஒருத்திதான். ஒவ்வொரு வேளையும் தட்டைப் பார்த்துத் தனக்குத் தானே சொல்லிக்கொள்வாள். அந்த நாட்களில் நான் ஒரு தடவை போயிருந்தேன். என்னோடு பேசிக்கொண்டே என் பஸ் டிக்கெட்டை எடுத்துச் சுருட்டி, முனையை நகத்தால் மடக்கி, நல்ல பீடியாக்கி என் கையில் கொடுத்தாள். பார்த்துவிட்டு இரண்டு பேரும் சிரித்தோம். பிறகு அவள் அழுதாள்.

ஒரு வெள்ளிக்கிழமை முஹ்சின் ஜும்மாவுக்குப் போயிருந்த நேரத்தில் ஜனாபா முன்னறைக்குள் போனாள். ஒரு வாளியில் கையை விட்டு இரண்டு கை அள்ளிச் சொளகில் பரப்பினாள். அவளுக்கு அதில் ஒன்றின் பெயரும் தெரியாது. ஆனால் ஒரே மாதிரி இருப்பதையும் மாதிரி மாறுவதையும் அந்த விரல்கள் பார்த்துக்கொண்டன. முஹ்சின் திரும்பி வந்து, "என்ன லாத்தா இது, எல்லாத்தையும் கலைச்சுட்டியா" என்று கத்தினான். ஏற்கெனவே கலைந்து கிடந்ததை எப்படிக் கலைப்பது என்று அவனுக்குத் தோன்றவில்லை. சாப்பிட்டுவிட்டு வேலைக்கு உட்கார்ந்தவன் பழக்கத்தில் வாய்விட்டு முனகினான், இருநூற்றிருபது ஓம் ஒன்று வேண்டுமே என்று.

"அது எப்படி இருக்கும்?"

"செவப்புக் கோடு, செவப்புக் கோடு, அப்புறம் காப்பிக்கலர்."

அவன் சொல்லி வாய் மூடுவதற்குள் எடுத்துக் கொடுத்தாள். நூல் போட்டுக் கட்டியிருந்தது, பீடிக்கட்டு மாதிரியே. "இருபத்தஞ்சு இருக்கு. நாலு கட்டு இருக்கு" என்றாள்.

அதற்குப் பிறகு அவளை யாரும் அந்த அறையிலிருந்து எழுப்ப முடியவில்லை. ஏழு வாளியும் காலியாக மூன்று மாதம் ஆனது. வண்ணார்பேட்டையிலிருந்து சின்னச் சின்ன இழுப்பறை வைத்த பிளாஸ்டிக் பெட்டிகள் வாங்கி வரச் சொன்னாள். ஒவ்வொரு இழுப்பறையின் முகத்திலும், உள்ளே இருக்கிற சாமானில் ஒன்றைச் செல்லோ டேப்பால் ஒட்டினாள். பெயர் எழுதி ஒட்டலாமே என்று நான் ஆசிரியை புத்தியோடு கேட்டேன். "ஆளே வாசல்ல நிக்குதே டீச்சர், பேரு எதுக்கு?" என்றாள். முஹ்சினுக்குத் தேடுகிற நேரம் மிச்சமானது, ஒரு நாளைக்கு ஒரு போர்டு என்றிருந்தது மூன்றானது. ஜனாபா மறுபடியும் இரண்டு வாய் கூடுதலாகச் சோறு தின்றாள். அஸ்ஃபியாதான் இதை எனக்குச் சொன்னாள்.

அந்த அறைக்குத்தான் நான் மஞ்சள் பையோடு போய்ச் சேர்ந்தேன். மின்விசிறி சுடுகாற்றை மேலிருந்து கீழே அனுப்பிக்கொண்டிருந்தது. முஹ்சின் போர்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"சின்ன விஷயம்தான் டீச்சர். மூணுகாலி ஒண்ணு போயிருக்கு. மாத்தித் தாரேன், இருந்து வாங்கிட்டுப் போங்க."

மூணுகாலி என்பது ஜனாபா வைத்த பெயர். விரல் நகம் அளவுக் கறுப்புத் துண்டு, முதுகில் ஒரு தகடு, கீழே மூன்று கால். அதில் இரண்டு வகை உண்டு. ஒன்று ஐந்து வோல்ட் கொடுக்கும், மற்றது பன்னிரண்டு. பார்வைக்கு இரண்டும் ஒன்றுதான், நெற்றியில் பொடியாக எழுதிய எண்தான் வேறு. ஒன்றில் 7805, மற்றதில் 7812. அதனால் அந்த இரண்டு இழுப்பறையில் மட்டும் முஹ்சின் தடிமனான பேனாவால் 5 என்றும் 12 என்றும் எழுதி வைத்திருந்தான்.

ஐந்தின் இழுப்பறையைத் திறந்து, கட்டின் நடுவிலிருந்து ஒன்றை உருவினான். ஈயம் வைத்துப் பற்றவைத்தான். மின்சாரம் கொடுத்தான். பட்டென்று ஒரு சத்தம், கொஞ்சம் புகை, சகிக்க முடியாத ஒரு வாடை. என் போர்டின் நடுவில் இருந்த பெரிய சில்லு, அதுதான் அதற்கு மூளை, வெடித்து மேல்தோல் பிளந்திருந்தது.

முஹ்சின் சுவிட்சை அணைத்துவிட்டுத் தலையைப் பிடித்துக்கொண்டான். நானும் உட்கார்ந்துகொண்டேன். என் கண் முன்னால் இருந்தது போர்டு இல்லை, வீட்டில் ஊறுகிற நாலு வாளித் துணி.

"இந்த வாரத்துல இது ரெண்டாவது, டீச்சர். முந்தாநாள் சேரன்மகாதேவி டாக்டரம்மா வீட்டு ஏ.சி. போர்டு இதே மாதிரிப் போச்சு. ஏதோ ஒரு பீஸ் மோசம்னு விட்டுட்டேன். சரக்குத்தான் மோசம்." போனை எடுத்துவிட்டான்.

வண்ணார்பேட்டையில் முப்பது வருஷமாக இந்தச் சாமான்கள் விற்கிற இஸ்ரவேல் அண்ணாச்சியைத்தான் கூப்பிட்டான். எங்கள் சபைக்காரர், எனக்கும் தெரிந்தவர். போலிச் சரக்கு என் கடை வாசல் மிதிக்காது என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருப்பவர். அப்படிப்பட்டவரிடம் முஹ்சின், "டூப்ளிகேட்டை என் தலையில கட்டிட்டீங்களே அண்ணாச்சி, உங்களை நம்புனதுக்கு இதுதானா" என்று கேட்டான். அந்தப் பக்கம் என்ன சொன்னார் என்று கேட்கவில்லை. போன் அணைந்துவிட்டது. முக்கால் மணி நேரத்தில் வாசலில் ஒரு டி.வி.எஸ். வந்து நின்றது.

அறுபது வயது ஆள், அந்த வெயிலில் சட்டை முழுக்க நனைந்து வந்திருந்தார். வந்தவர் தண்ணீர்கூட வாங்கவில்லை. பையிலிருந்து ஒரு கவரை எடுத்து மேஜையில் கொட்டினார். எல்லாம் மூணுகாலி.

"பாரும்வே. உமக்குக் குடுத்த அதே பெட்டியில உள்ளது. ஒவ்வொண்ணா மாட்டிப் பாரும். ஒண்ணு மோசம்னாலும் நான் கடையைச் சாத்திட்டு வீட்டுல போய் உக்காருதேன்."

முஹ்சின் ஆறு ஏழை மாட்டி மீட்டர் வைத்துப் பார்த்தான். எல்லாம் ஒழுங்காக ஐந்து காட்டின. இஸ்ரவேல் அண்ணாச்சி மூக்குக் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு, கருகிய என் போர்டைக் கையில் எடுத்தார். ஜன்னல் பக்கம் திருப்பி, முஹ்சின் பற்றவைத்த துண்டை வாசித்தார்.

"இதுல என்ன நம்பர் போட்டிருக்கு, நீரே வாசியும்."

முஹ்சின் வாசித்தான். அவன் முகம் மாறியதை நான் பார்த்தேன். குப்பைத் தகரத்தைக் கவிழ்த்து, முந்தாநாள் கழற்றிப்போட்டதைத் தேடி எடுத்தான். அதிலும் பன்னிரண்டுதான். ஐந்தின் கட்டுக்குள் பன்னிரண்டு இருந்திருக்கிறது. கட்டியவள் யாரென்று அறையில் இருந்த எல்லோருக்கும் தெரியும். அவள் உள்கதவை ஒட்டி நின்றுகொண்டிருந்தாள், கையில் ஒரு நூல் சுருள்.

இஸ்ரவேல் அண்ணாச்சி நல்ல மனுஷர். தான் பிழைத்தது தெரிந்ததும் அவர் குரல் இறங்கிவிட்டது. "சரி விடும். பொடி எழுத்து. வயசான கண்ணுக்கு ரெண்டும் ஒண்ணாத்தான் தெரியும்."

முஹ்சின் அதைப் பிடித்துக்கொண்டான். "ஆமா அண்ணாச்சி. லாத்தாவுக்கு வெள்ளெழுத்து. அது என்ன செய்யும்? நான்தான் பார்த்து மாட்டியிருக்கணும். உங்களைப் பேசினது என் தப்பு, மனசுல வச்சுக்கிடாதீங்க."

எனக்கும் அப்பாடா என்று இருந்தது. முடிந்தது, போர்டு போனது போனதுதான், எல்லோரும் ஆளுக்கு ஒரு வாய் டீ குடித்துவிட்டுப் போகலாம். அஸ்ஃபியா தட்டில் டீயோடு வந்தும்விட்டாள். அப்போது ஜனாபா அறைக்குள் வந்தாள்.

"எனக்குக் கண்ணு தெரியுது" என்றாள்.

"லாத்தா, சும்மா இரு."

"கண்ணாடி போட்டுத்தான் பாத்தேன். இதுல அஞ்சு, அதுல பன்னண்டு, ரெண்டையும் வாசிச்சேன். வாசிச்சுட்டுத்தான் வச்சேன்."

முஹ்சின் அவளையே பார்த்தான்.

"இருபத்திமூணுதான் இருந்துச்சு" என்றாள் ஜனாபா. பள்ளிக்கூடத்தில் நிறுத்தி வைத்துக் கேட்டால் சில பிள்ளைகள் இப்படித்தான் சொல்லும், நடந்ததை நடந்தபடி, கண்ணை எங்கேயோ வைத்துக்கொண்டு. "கட்டுக்கு ரெண்டு குறைஞ்சுது. பக்கத்து டப்பாவுல இருந்து ரெண்டு எடுத்து நடுவுல சொருகினேன். பீடியில அப்படித்தான் செய்வோம். கடைசிக் கட்டு குறைஞ்சா, கோணலா ஒதுக்கிப் போட்டதுல ரெண்டை எடுத்து நடுவுல வச்சிருவோம். வெளிய சுத்தி இருக்குறது நல்லதா இருக்கும். கட்டு பாக்குறவருக்கு நடுவுல உள்ளது தெரியாது. எண்ணிக்கை சரியா இருக்கும். குறைக் கட்டு எங்க கையில நிக்காது அண்ணாச்சி. நான் என்ன செய்ய? ஒரு நாளு ரெண்டு நாளுப் பழக்கமா? பதிமூணு வயசுலேர்ந்து."

பிறகு என்னைப் பார்த்து, "உங்க மெஷினைக் கெடுத்தது நான்தான் டீச்சர். அவன் இல்ல" என்றாள்.

நான் என்ன சொன்னேன் என்று நினைவில்லை. பரவாயில்லை என்று சொல்லியிருப்பேன், வேறென்ன சொல்வது. இஸ்ரவேல் அண்ணாச்சி டீயை ஒரே மூச்சில் குடித்துவிட்டு, கொட்டிய மூணுகாலிகளைப் பொறுக்கிக்கொண்டு கிளம்பினார். அவர் போனதும் முஹ்சின் ஒரே ஒரு வார்த்தை சொன்னான்.

"உள்ள போ லாத்தா."

அவள் நூல் சுருளை மேஜையில் வைத்துவிட்டு உள்ளே போனாள்.

வேறு போர்டு தேடித் தருகிறேன் என்று முஹ்சின் சொல்லியிருந்தான், அதற்குப் பத்து நாள் ஆனது. அந்தப் பத்து நாளும் நான் கையால் துணி துவைத்தேன். ஐம்பது வயதுக்குப் பிறகு பெட்ஷீட் பிழிவது என்ன என்று பிழிந்து பார்த்தவர்களுக்குத்தான் தெரியும். ஒவ்வொரு நாளும் பிழியும்போது ஜனாபா மேல் எரிச்சல் வரும். போகிற போக்கில் கண் தெரியவில்லை என்று தலையாட்டிவிட்டுப் போயிருக்கலாமே, எல்லோரும் அதைத்தானே கையில் கொடுத்தார்கள், இந்த வயதில் என்ன நேர்மை வேண்டிக்கிடக்கிறது என்று தோன்றும். தோன்றிய பிறகு வெட்கமாகவும் இருக்கும். ஆனாலும் கை வலித்தது.

பதினோராம் நாள் போனேன். முன்னறையைப் பார்த்ததுமே விஷயம் புரிந்தது. முஹ்சின் எல்லா இழுப்பறையையும் கவிழ்த்து, எல்லாக் கட்டையும் அவிழ்த்திருந்தான். எதற்குள் எது இருக்கிறதோ என்ற பயம். ஒவ்வொன்றாகச் சோதித்துத் திருப்பி அடுக்க நினைத்திருக்கிறான், அதற்கு நேரம் எங்கே இருக்கிறது? மேஜையிலும் தரையிலும் தாம்பாளங்களிலும் எல்லாம் மறுபடியும் ஒன்றாகக் கிடந்தன. அறுத்துப்போட்ட நூல் துண்டுகள் காலில் ஒட்டின. அவன் தாடி நாலு நாளாக ஒதுக்காமல் இருந்தது. தேடிக்கொண்டிருந்தான்.

"உங்க போர்டு வந்துட்டு டீச்சர். இந்தா, ஒரு சாமான் மட்டும் மாட்டணும். எங்கனயோ இருக்கு."

நான் அடுப்படிக்குப் போனேன். அஸ்ஃபியா என்னைக் கண்டதும் அடுப்பைக் குறைத்தாள்.

"அக்காவும் தம்பியும் பேசிக்கிட மாட்டேங்காங்க டீச்சர். இவுங்க ஏசவும் இல்ல, ஒண்ணும் சொல்லவும் இல்ல. மதினி ஒரு நேரந்தான் சாப்பிடுது. நேத்து என்ன செஞ்சிருக்கு தெரியுமா? பக்கத்து வீட்டு மைதீன் பாத்திமா பேருல பீடிக்கடையில இலையும் தூளும் வாங்கிட்டு வந்திருக்கு. நான் சொன்னா கேக்க மாட்டேங்கு. இவுங்களுக்கு இன்னும் தெரியாது."

பின்வாசலில் ஜனாபா உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் ஒரு சட்டியில் பீடி இலை தண்ணீரில் ஊறிக்கொண்டிருந்தது. மூக்கையும் வாயையும் துப்பட்டியால் இறுக்கிக் கட்டிக்கொண்டு, மடியில் சொளகை வைத்து இலை வெட்டிக்கொண்டிருந்தாள். தூள் பொட்டலம் இன்னும் பிரிக்கப்படவில்லை. அதைப் பார்த்ததும் பத்து நாள் பெட்ஷீட் பிழிந்த கோபம் எல்லாம் எனக்கு வாயில் வந்துவிட்டது.

"சாகப் போறியா ஜனாபா? டாக்டர் சொன்னது காதுல ஏறலையா?"

"மெதுவா பேசுங்க டீச்சர்."

"ஏன் மெதுவாப் பேசணும்? யாரு உன்னைச் சோறு தின்னாதேன்னு சொன்னா?"

"யாரும் சொல்லல. எனக்குத்தான் எறங்க மாட்டேங்கு."

நான் கத்தியது முன்னறைக்குக் கேட்காமல் இருக்குமா? முஹ்சின் வந்து வாசற்படியில் நின்றான். இலைச் சட்டியைப் பார்த்தான். தூள் பொட்டலத்தைப் பார்த்தான். திட்டப்போகிறான் என்று நினைத்தேன். அவன் படியிலேயே உட்கார்ந்துவிட்டான், முழங்காலைக் கட்டிக்கொண்டு.

"ஏன் லாத்தா. அன்னைக்குக் கண்ணு தெரியலன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா போதுமே. அண்ணாச்சியே சொன்னாரே. எல்லாம் அதோட முடிஞ்சிருக்கும்."

ஜனாபா துப்பட்டியைக் கீழே இறக்கினாள். "முடிஞ்சிருக்கும்லே. கண்ணு தெரியாதவ கையில அப்புறம் நீ சாமானைக் குடுப்பியா? பாவம் லாத்தான்னு உக்கார வச்சுச் சோறு போடுவே. அதுக்கு இது மேலு."

அஸ்ஃபியா கதவுக்குப் பின்னால் நின்று மூக்கை உறிஞ்சியது கேட்டது. ஒரு மனுஷி பொய் சொல்லிப் பிழைக்க மறுத்தது நேர்மைக்காக என்று நான் பத்து நாளாக நினைத்துக்கொண்டிருந்தேன். அவளுக்கு அந்த மேஜை வேண்டியிருந்திருக்கிறது. கண் தெரிகிறவள், கை தெரிகிறவள் என்ற பெயரோடு வேண்டியிருந்திருக்கிறது.

"நாளைக்கு ரெண்டு குறைஞ்சா என்ன செய்வே?" என்று கேட்டான் முஹ்சின்.

அவள் வெட்டிய இலையை விரலால் நீவிக்கொண்டிருந்தாள். அவள் வாழ்க்கையில் அவளிடம் யாரும் கேட்காத கேள்வி அது.

"குறையுதுன்னு சொல்லுவேன்."

"சொல்லுவியா?"

"சொல்லுதேன்."

முஹ்சின் எழுந்தான். தூள் பொட்டலத்தை எடுத்து, இலைச் சட்டியின் தண்ணீரை வடித்து, இரண்டையும் மைதீன் பாத்திமா வீட்டுச் சுவருக்கு மேலாக நீட்டிக் கொடுத்துவிட்டு வந்தான். பிறகு முன்னறைக்குப் போய்ப் பெரிய தாம்பாளம் ஒன்றைத் தூக்கி வந்து அவள் மடியில் இருந்த சொளகில் சரித்தான். மூணுகாலியும் ரெசிஸ்டரும் இன்னும் என்னென்னவோவும் கலந்து விழுந்தன.

"டீச்சர் போர்டுக்கு மூணுகாலி வேணும். அஞ்சு."

அவள் கண்ணாடியைத் தேடினாள். அஸ்ஃபியா உள்ளே ஓடி எடுத்து வந்து கொடுத்தாள். ஜனாபா ஒவ்வொன்றாக எடுத்து, வெளிச்சத்தில் பிடித்து, உதட்டை அசைத்து வாசித்தாள். அவசரப்படவில்லை. எனக்கும் பஸ் பிடிக்கிற அவசரம் போய்விட்டது. ஐந்து எல்லாம் ஒரு பக்கம், பன்னிரண்டு எல்லாம் ஒரு பக்கம். கை பழக்கத்தில் நூலை எடுத்து ஐந்தைக் கட்டத் தொடங்கியது. இருபது, இருபத்தொன்று, இருபத்திரண்டு. இருபத்திரண்டில் முடிந்துவிட்டது.

சொளகைக் கிளறினாள், இல்லை. அவள் பார்வை பன்னிரண்டின் குவியலுக்குப் போய்வந்ததை நான் பார்த்தேன். முஹ்சினும் பார்த்தான். நூலை இரண்டு சுற்று சுற்றி முடிச்சுப் போட்டாள்.

"மூணு குறையுது" என்று நீட்டினாள்.

முஹ்சின் வாங்கினான். கட்டை அவிழ்க்கவில்லை, திருப்பிப் பார்க்கவும் இல்லை. நடுவிலிருந்து ஒன்றை உருவிக்கொண்டு, மிச்சத்தைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு முன்னறைப் பக்கம் நடந்தான்.

"ஏலே, எண்ணிப் பாருலே!" என்று ஜனாபா பின்னாலேயே கத்தினாள்.

"எதுக்கு? நீதான் சொல்லிட்டியே" என்று உள்ளேயிருந்து பதில் வந்தது.

அவள் வாசலையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பிறகு என் பக்கம் திரும்பி, ஏதோ முறையிடுகிற குரலில், "டீச்சர், குறைக் கட்டை எண்ணாமலே வாங்கிட்டுப் போயிட்டான்" என்றாள். கண்ணாடிக்குள் தண்ணீர் நிறைந்துவிட்டது, அதைக் கழற்றத் தோன்றாமல் அப்படியே அடுத்ததை எடுத்து வாசிக்கப் பார்த்தாள்.